திரும்பி நிற்கும் ஒரு ஜோடி

மார்ச் 1, சனி

எதையும் வாங்காமல் நான்கு மணி நேரம் கடை கடையாக நடந்துவிட்டு வந்தவளுக்கு மனம் ஏன் இப்படி நிறைந்திருக்கிறது? தெரியவில்லை. வழக்கமாக எந்தக் கேள்விக்கும் ஓர் அனுமானமாவது கைவசம் இருக்கும். மருந்து ஆராய்ச்சியில் புள்ளியியல் பார்த்தே இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. இதற்கு அதுவும் இல்லை.

சாந்தாமணிதான் காரணம். மதிய நடையில் பழக்கமானவள். கோபிசெட்டிபாளையத்துக்காரி, எங்கள் அலுவலகத்துக்கு அடுத்த கட்டடத்தில் பல் டாக்டர். "சான் ரமோன்ல வருஷம் பூரா ஒரே கலர் வீடு, ஒரே கலர் காருங்க ருக்மிணி. வாங்க, சிட்டிக்குப் போய்க் கண்ணையாச்சும் கழுவிட்டு வரலாம்" என்றாள்.

பக்கத்து ஊர் டப்ளின் நிலையத்தில் காரை விட்டுவிட்டு, நகரத்துக்கு பார்ட் ரயில். சட்டதிட்டங்கள் ரயிலிலேயே முடிவாயின. எதையும் வாங்கக் கூடாது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் பத்துக்கு மதிப்பெண். சாப்பாடு வீட்டிலிருந்து. பூங்கா பெஞ்சில் தயிர் சாதமும் மாவடுவும் சாப்பிட்டோம். எதிரே ஒரு நாய் கோடு போட்ட ஸ்வெட்டரில் போயிற்று. நாய்க்கு எட்டு.

நகரத்தில் ஹேய்ஸ் வேலி என்ற பகுதியில் ஒரு சந்துக்குள் சின்ன பிரெஞ்சுக் கடை. பலகையில் 'ஓதில்' என்று மட்டும். ஒரே ஒரு ஜன்னல். அதில் சந்தன நிற டிரெஞ்ச் கோட் போட்ட ஒரு பொம்மை; காலர் பாதி தூக்கியிருக்க, பெல்ட்டைப் பக்கிளில் மாட்டாமல் முடிச்சாகக் கட்டியிருந்தது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் கட்டியது போன்ற முடிச்சு. அப்படித் தெரிவதற்காக யாரோ அரை மணி நேரம் மெனக்கெட்டிருக்க வேண்டும். ஒன்பது கொடுத்தேன். நான் ஒன்பது கொடுப்பது அரிது, பத்து கொடுப்பதே கிடையாது.

சாந்தாமணி ஆறுதான் கொடுத்தாள். "பட்டன் போட நேரமில்லாதவளுக்கு எதுக்குங்க இத்தன பட்டன்?"

மார்ச் 2, ஞாயிறு

மகள் விஷாகா ஞாயிறுதோறும் ஃபோன் செய்வாள். அப்பாவுக்கு. வாஞ்சி ஸ்பீக்கரில் போடுவார், நான் பாத்திரம் கழுவியபடி கேட்பேன். எனக்கும் அவளுக்கும் "சாப்டியா", "ம்" என்பதோடு முடிந்துவிடும். பெர்க்லியில் மூன்றாம் வருடம், பொருளியல். முக்கால் மணி தூரம்தான். வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது.

இது எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும், அதனால் எழுதியே விடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் டிசைன் படிக்கிறேன் என்றாள். என்ன டிசைன் என்று கேட்டேன். கடை ஜன்னல்களை அலங்கரிப்பது என்றாள். "கடை பொம்மைக்குத் துணி மாத்தறதெல்லாம் ஒரு வேலையா?" என்றேன். அவ்வளவுதான். அவள் கத்தவில்லை. பொருளியலில் சேர்ந்தாள். அதற்குப் பிறகு என்னிடம் எதையும் சொல்வதில்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம்.

இப்போது எங்கள் குடும்ப நண்பர் ஜம்புநாதன் தன் கம்பெனியில் அவளுக்காகக் கோடை வேலை ஒன்றை வைத்திருக்கிறார். நான் கேட்டு வாங்கியது. ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். வாஞ்சியிடம் கேட்கச் சொன்னேன்.

"நீயே கேளேன் ருக்கு. நான் என்ன தபால்காரனா?"

கேட்டேன். யோசித்துக்கொண்டிருப்பதாக ஆங்கிலத்தில் சொன்னாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வாயேன் என்றேன். வெள்ளி மாலையெல்லாம் ஏதோ ப்ராஜெக்டாம்.

மார்ச் 8, சனி

மறுபடியும் போனோம். இந்த முறை காரணம் வேறு சொல்லிக்கொண்டோம், நடைப்பயிற்சி என்று.

சந்தன கோட் அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் இன்று புதிதாக ஐந்து படி, படி முழுக்கத் தட்டையான செருப்புகள். பாலே ஆடுகிறவர்கள் போடுவார்களே, அந்த மாதிரி. நுனியில் குட்டியாக ஒரு நாடா. கத்திரிப்பூ நிறம், பிஸ்தா, கறுப்பு, ஒரு ஜோடி மட்டும் தக்காளிச் சிவப்பு. எல்லாம் தெருவைப் பார்த்து வரிசையாக. மூன்றாம் படியில் பிஸ்தா ஜோடி மட்டும் கடைக்குள் பார்த்துத் திரும்பியிருக்கிறது.

கவனக்குறைவு என்று அரை மதிப்பெண் குறைத்தேன். பிறகு ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த ஒரு ஜோடி திரும்பியிருந்ததால்தான் மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேனோ?

சாந்தாமணி படிகளைப் பார்த்துவிட்டு, "கொலு வச்ச மாதிரி இருக்குதுங்க. சுண்டல் எப்பத் தருவாங்களாம்?" என்றாள். படி வைக்காத கடை எங்கே இருக்கிறது என்றேன். விலைச் சீட்டை எட்டிப் படித்துவிட்டு, இந்தச் செருப்புக்குத் தங்கள் ஊரில் கன்றோடு ஓர் எருமை வாங்கிவிடலாம் என்றாள். எருமையைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாது என்றேன். "இத மட்டும் போட்டுட்டு நடந்துருவீங்களாக்கும்" என்றாள்.

மார்ச் 12, புதன்

ஜம்புநாதனைக் காபிக் கடை வரிசையில் பார்த்தேன். விஷாகா பற்றிக் கேட்பதற்குள் மீட்டிங் என்று ஓடிவிட்டார். காபி வாங்காமலே.

மார்ச் 15, சனி

தூறல். சாந்தாமணிக்கு ஒரு அவசர நோயாளி, பல் வேர்ச் சிகிச்சை. நான் தனியாகவே போனேன். இது எனக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது.

பிரெஞ்சு நடை, பாரிஸ் பாணி என்று பத்திரிகைகள் சொல்வதில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. ஒரு தேசத்தில் அத்தனை பேருமா ஒரே மாதிரி அழகாக உடுத்துவார்கள்? மோசமாக உடுத்துகிறவர்களை யாரும் படம் பிடிப்பதில்லை, அவ்வளவுதான். ஆனாலும் இன்று காபிக் கடையில் உட்கார்ந்து, போகிற வருகிற பெண்களை எண்ணினேன். நாற்பத்து மூன்று பேர். அவர்களில் நான் திரும்பிப் பார்த்தது ஆறு பேரை. ஆறு பேரிடமும் ஒன்று பொதுவாக இருந்தது. உடம்பில் ஒரே ஒரு இடம்தான் கண்ணை இழுத்தது: ஒருத்திக்குச் சிவப்புக் காலுறை, ஒருத்திக்குக் கழுத்துக் குட்டை, வெள்ளைத் தலையோடு ஒரு அறுபது வயதுக்காரிக்கு மஞ்சள் குடை. மற்றதெல்லாம் கருநீலம், வெள்ளை, சாம்பல்.

எனக்கு எல்லாமே சாம்பல். கண்ணை இழுக்க எதுவும் இல்லை. இருபது வருடமாக இதை எளிமை என்று சொல்லி வந்திருக்கிறேன்.

மஞ்சள் குடைக்காரி ஓதில் கடையைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். அவள்தான் ஓதில் போலிருக்கிறது. ஜன்னலில் இந்த வாரம் வைக்கோல் தொப்பிகள். ஏழு. ஆறு தெருவைப் பார்க்க, ஒன்று மட்டும் திரும்பி.

ஆக, கவனக்குறைவு இல்லை. போன வாரத்து அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 22, சனி

வெயில். நடைபாதைத் தொட்டிகளில் ட்யூலிப் பூக்கள். கடைக்காரர்கள் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு வாசனை: தோல், சோப்பு, வெண்ணெய் ரொட்டி. சாந்தாமணி நான்கு ஜன்னலுக்கு மேல் மதிப்பெண் போடவே மறந்துவிட்டாள்.

காலையில் நடந்ததை எழுத வெட்கம்தான். பழைய மயில்கழுத்துத் துப்பட்டா ஒன்றை மடித்து, வீடியோ பார்த்து, கழுத்தில் கட்டிக்கொண்டு கீழே வந்தேன். பதினொரு தடவை கட்டியது. வாஞ்சி செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்து, "தொண்டை வலியா? வெந்நீர் போடட்டுமா?" என்றார்.

அவிழ்க்கவில்லை. அப்படியே போனேன். ரயிலில் எதிரே இருந்த பெண் உங்கள் ஸ்கார்ஃப் அழகாக இருக்கிறது என்றாள். ஒரே ஒருத்தியின் கருத்து; மாதிரி அளவு ஒன்று. ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஆனால் குறித்து வைக்கிறேன்.

மார்ச் 29, சனி

முதலில் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஓதில் ஜன்னலில் வசந்தம். ஒரு பாரிஸ் பூங்காவைக் குட்டியாகக் கட்டியிருக்கிறார்கள். ஐந்து படியில் கைப்பையும் கையுறையும் வாசனைக் குப்பிகளும், அதன் அடிவாரத்தில் பூங்கா. பச்சை நாற்காலிகள், காகிதத்தில் செய்த மரங்கள், நடுவில் குளம். கூட்டம் நின்று பார்த்தது. நானும் கண்ணாடிக்கு மூக்கைக் கொண்டுபோனேன்.

புல்வெளி புல் இல்லை. வெந்தயம். தட்டில் விதைத்து ஒரு வாரம் ஆன வெந்தய முளை. இருபது வருடம் நவராத்திரிக்கு விதைத்தவளுக்கு அது தெரியாதா?

குளம், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. சரி, இது யாருக்கும் தோன்றும். ஆனால் குளத்தைச் சுற்றிய பாதை மண் இல்லை, மணல் இல்லை. காய வைத்த காபித் தூள் சக்கை. எங்கள் வீட்டுக் கொலுப் பூங்காவில் ஒரு வருடம் மணல் வாங்க மறந்துவிட்டேன். ஒன்பது வயது விஷாகா ஃபில்டரைக் கவிழ்த்து, சக்கையை வெயிலில் பரப்பி, பாதை போட்டாள். அன்றிலிருந்து வருடா வருடம் அதேதான்.

குளத்தில் காகித வாத்துகள். எல்லாம் ஒரு பக்கம் நீந்த, ஒன்று மட்டும் திரும்பி நிற்கிறது.

வீட்டுக் கொலுவிலும் விஷாகா அப்படித்தான் வைப்பாள்; ஏன் அதைத் திருப்பி வைக்கறே என்று அப்போது கேட்டேன். "ஷி ஃபர்காட் ஹர் லன்ச் பாக்ஸ், அம்மா." ஒவ்வொரு வருஷமும் அந்த ஒரு வாத்து லன்ச் பாக்ஸை மறந்துட்டுத் திரும்பும்.

எனக்கு எப்படி இது தெரியாமப் போச்சு? நாலு வாரமா வந்து வந்து மார்க் போட்டிண்டிருக்கேன். பிஸ்தா செருப்பு. தொப்பி. சொந்தப் பொண்ணுக்கு அரை மார்க் குறைச்சேன். வெள்ளிக்கிழமை ப்ராஜெக்ட், வெள்ளிக்கிழமை ப்ராஜெக்ட்னு சொன்னாளே—

சாந்தாமணி என் முகத்தைப் பார்த்துவிட்டு பெஞ்சில் உட்கார வைத்தாள். விஷயத்தைச் சொன்னேன். "நாந்தான் அன்னைக்கே சொன்னனுங்களே, கொலுன்னு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும்தான், எது முன்னால் வந்தது என்று தெரியவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

நிதானமாக யோசித்தால், இது நிரூபணம் இல்லை. இந்த வட்டாரத்தில் கொலு வைத்து வளர்ந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். வெந்தயம் பொது. காபிச் சக்கை கொஞ்சம் அபூர்வம். திரும்பிய வாத்து?

வாத்து ஒன்றுதான்.

மாலையில் ஃபோன் செய்தாள். சாப்டியா என்றேன். ம் என்றாள். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று நான் சொன்னால் அவளுக்கு அது எப்படிக் கேட்கும்? பிடிபட்டுவிட்டோம் என்றுதான். அடுத்த வாரம் அந்த ஜன்னலில் கை வைக்கத் தயங்குவாள். கேட்காமலே இருந்தால் ஜம்புநாதன் வேலை, பட்டம், வேலைக்குப் பின் இன்னொரு வேலை என்று போய்விடும், நாங்கள் சாப்டியா-ம்-மிலேயே மிச்ச ஆயுளைக் கழித்துவிடுவோம்.

வாஞ்சியிடம் சொன்னேன். அவருக்கு ஜனவரியிலிருந்தே தெரியுமாம். "நீ கேக்கலையே" என்கிறார். இந்த மனிதரைப் போய்த் தபால்காரர் ஆக்கப் பார்த்தேனே.

ஏப்ரல் 5, சனி

நகரத்துக்குப் போகவில்லை. கராஜில் கொலுப் பெட்டியை இறக்கினேன். வாஞ்சி ஏப்ரலில் நவராத்திரியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 12, சனி

செய்துவிட்டேன். சரியா தவறா என்று அடுத்த வாரம் தெரியும்.

மரப்பாச்சி ஜோடியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனேன். வருடா வருடம் அவற்றுக்குப் புதுத் துணி உடுத்துவது வழக்கம். எங்கள் வீட்டில் தைப்பது விஷாகாவின் பொறுப்பு. ஒரு வருடம் ராஜாவுக்கு ஜீன்ஸ் கூடத் தைத்தாள். கடந்த இரண்டு வருடமாக அவள் தைக்கவில்லை, நானும் கேட்கவில்லை, பழைய துணியிலேயே நின்றன. அந்தத் துணியையும் கழற்றிவிட்டுத்தான் கொண்டுபோனேன். வெறும் மரம், கறுப்பாக, வழுவழுவென்று.

இத்தனை வாரத்தில் முதல் முறையாக ஓதில் கடைக்குள் காலெடுத்து வைத்தேன். உள்ளே நிறைய இடைவெளி. ஒரு சட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே இன்னொரு சட்டை மாட்டலாம். ஓதில் அம்மையார் கருநீல ஸ்வெட்டர், அதே வெள்ளைத் தலை. நான் கைக்குட்டையைப் பிரித்தேன். ஜன்னலை அலங்கரிப்பவருக்கு இதைக் கொடுக்க முடியுமா, யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்றேன்.

அவர் பொம்மைகளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பெயர் சொல்லத் தேவையே இல்லை, இந்தப் புருவம் வெள்ளிக்கிழமைதோறும் இங்கே வருகிறது என்றார். பிறகு இன்னொன்று சொன்னார்: நீங்கள்தானே சனிக்கிழமைகளில் அந்தக் கோட்டின் முன்னால் நிற்பவர்? உங்களைப் பற்றி விஷாகாவிடம் சொல்லியிருக்கிறேன். சாப்பாட்டுப் பையோடு ஒரு பெண்மணி வருகிறார், பரீட்சைத் தாள் திருத்துவது போல ஜன்னலைப் பார்க்கிறார், உள்ளே மட்டும் வருவதில்லை என்று.

எனக்கு எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, என் முகத்தை.

வெளியே வந்ததும் சாந்தாமணி கேட்டாள், "கோட்டாச்சும் போட்டுப் பாத்தீங்களா?" இல்லை. "அட, உள்ளார போயும்?"

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. பாயசம். விஷாகா அப்பாவுக்கு ஃபோன் செய்து வாழ்த்துச் சொன்னாள். பொம்மைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஃபோனை வைப்பதற்கு முன், "அம்மா கிட்ட குடு" என்றாள் - தமிழில். வாங்கினேன். "பாயசம் பண்ணியா?" "பண்ணேன்." "ஓகே." இதை முன்னேற்றம் என்று எழுதலாமா?

ஏப்ரல் 19, சனி

சந்துக்குள் திரும்பும்போது சாந்தாமணிதான் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பல் பிடுங்க வந்தவர்களை நடத்திப் பழகியவள்.

இருந்தன. இரண்டும்.

பூங்கா போய்விட்டது; இப்போது அது ஒரு குட்டித் தெரு. விளக்குக் கம்பம், மரப் பெஞ்சு, தீப்பெட்டி அளவில் கடைகள். மரப்பாச்சி ராஜா பெஞ்சில் சாய்ந்திருக்கிறார். கருநீலக் கோடு போட்ட பின்னல் சட்டை. கை நீட்டிய இடத்தில் ஒரு குட்டி ஃபோன், ஸ்பீக்கரில் போட்டிருப்பதைப் போல வாய்க்கு எதிரே. சத்தியமாக இது வாஞ்சிதான். தொந்திகூட வைத்திருக்கிறாள், பஞ்சு வைத்து.

ராணி தெருவுக்கு முதுகு காட்டி நிற்கிறாள். தீப்பெட்டிக் கடை ஒன்றின் ஜன்னலுக்குள் மூக்கை நுழைக்காத குறையாகப் பார்க்கிறாள். சந்தன நிற டிரெஞ்ச் கோட், பெல்ட் முடிச்சிட்டபடி. கழுத்தில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு துண்டு. அது ஓதில் சொல்லியிருக்க வேண்டும். காலில் என்னுடையது போலவே சாம்பல் நிற நடைச் செருப்பு. ஒரு கையில் சாப்பாட்டுப் பை. இன்னொரு கையில் கடுகத்தனை காகிதம். கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தேன். அந்தக் காகிதத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: ஒன்பது.

நாங்கள் மதிப்பெண் போடுவது அவளுக்கு எப்படித் தெரியும்? ஜன்னலுக்கு வெளியே நின்று நைன், சிக்ஸ் என்று நாங்கள் சத்தமாகச் சண்டை போட்டது உள்ளே ஓதிலுக்குக் கேட்டிருக்கும், வேறென்ன.

அந்தத் தெருவில் நான் ஜன்னலைப் பார்க்க, ஜன்னலுக்குள் நான் இன்னொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற ஒருவர் தன் மனைவியிடம் அந்தப் பெண் பொம்மையைக் காட்டிச் சிரித்தார். சாந்தாமணி அவரிடம், "தட்ஸ் ஹர்" என்று என்னைக் காட்டிவிட்டாள். ஓடி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையிலிருந்து என்ன எழுதி அனுப்புவது என்று யோசித்தேன். மன்னிப்பு என்று தொடங்கி மூன்று முறை அழித்தேன். கடைசியில் அனுப்பியது இது: "ராணியின் பைக்கு ஜிப் இல்லை. தயிர் சாதம் கொட்டிவிடும்."

அவள் எழுதுகிறாள் என்று திரையில் மூன்று புள்ளி தோன்றியது. மறைந்தது. மறுபடி தோன்றியது. நான் குக்கரை இறக்கிவிட்டு வந்து பார்க்கிறேன், ஆங்கிலத்தில் பதில்: வெள்ளி ஆறு மணிக்கு ஜன்னல் மாற்றுகிறேன். குண்டூசி பிடிக்க ஆள் வேண்டும். சுண்டல் கொண்டு வா.

வாஞ்சியிடம் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "தொந்தி எதுக்கு வெச்சா?" என்றார். அவருக்குப் படம் எடுத்துக் காட்டியிருந்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

நாளைக்கு என்ன நடக்கும் என்று என் கணிப்பு: முதல் பத்து நிமிடம் இரண்டு பேரும் பேசமாட்டோம். நான் ஜம்புநாதன் வேலையைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று போவேன், கேட்டுவிடுவேன். அவள் முகம் மாறும். அந்தப் பழைய வாக்கியத்துக்கு நான் வருத்தம் தெரிவிப்பேன். அவள் இட்ஸ் ஃபைன் என்பாள். அது ஃபைன் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஏழு மணிக்குத் திரும்பிவிடுவேன்.

என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அலுவலக அறிக்கை மாதிரி இருக்கிறது. கொண்டைக் கடலை ஊறப்போட்டாயிற்று. மயில்கழுத்துத் துணியைக் கட்டிக்கொள்வதா வேண்டாமா? அதற்கும் பதில் தெரியவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி. ரயிலில், இரவு எட்டே முக்கால்

நடந்தது.

கட்டிக்கொண்டுதான் போனேன். கதவைத் திறந்த விஷாகா என்னைப் பார்த்தாள். தலைமுடியைப் பென்சிலால் குத்தியிருந்தாள், வாயில் இரண்டு குண்டூசி. என் கழுத்து முடிச்சை அவிழ்த்து, வேறு மாதிரி கட்டிவிட்டாள். நான்கு வினாடி. நான் பதினொரு தடவை கட்டியது.

ஜன்னலைக் கலைப்பதற்கு முன் ராஜாவைப் படுக்க வைத்தாள். கொலு முடிந்தால் பொம்மையைப் படுக்க வைத்துவிட்டுத்தான் கலைக்க வேண்டும், அது எங்கள் வீட்டில் நான் செய்வது. ராணியை என் பக்கம் நகர்த்தினாள். நான் படுக்க வைத்தேன். ஏன் என்று ஓதில் கேட்டார். நின்றுகொண்டிருப்பவர்களைச் சொல்லாமல் தூக்குவது மரியாதை இல்லை என்று விஷாகா ஆங்கிலத்தில் விளக்கினாள். இதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. எனக்கே இப்போதுதான் தெரியும்.

பிறகு வேலை. வேலைதான். ஏணியில் ஏறி இறங்குவது, சுருக்கம் போகத் துணியை ஆவியில் காட்டுவது, மெல்லிய நூலில் காகிதக் குருவிகளைத் தொங்கவிடுவது. தெருவுக்குப் போய்ப் பார்த்து, உள்ளே வந்து ஒரு விரற்கடை நகர்த்துவது, மறுபடி தெருவுக்குப் போவது. எண்ணினேன், பதினேழு முறை போனாள். எங்கள் ஆய்வுக் குழுவில் இவ்வளவு சரிபார்க்கிற ஆள் எனக்கு ஒருவர்கூட இல்லை. அதை அவளிடம் சொன்னேன். எழுதி வைத்திருந்த தாளில் இல்லாதது. குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "நிஜமாவா?" என்றாள்.

"நிஜமா. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. வேலையான்னு கேட்டேனே, அது."

"ஐ நோ விச் ஒன், அம்மா." கொஞ்ச நேரம் நூலைச் சிக்கெடுத்தாள். "ஜம்பு அங்கிள்ட்ட நான் வேண்டாம்னு சொல்லி ஒன்றரை மாசம் ஆச்சு. உன்கிட்ட சொல்ல அவருக்குப் பயம்."

காபி வாங்காமல் ஓடியது அதற்குத்தான். கோடை முழுக்க ஓதிலிடம் வேலை பார்க்கப் போகிறாள். பட்டத்தை முடிக்கிறாள், அதற்குப் பிறகு தெரியவில்லை என்றாள். தெரியவில்லை என்பது நல்ல பதில்தான் என்றேன். நான் இப்படிச் சொன்னதை வாஞ்சி நம்பமாட்டார்.

ஏழரைக்குத்தான் அது நடந்தது. கடை பொம்மையின் தோள் மூட்டு கழன்றுவிட்டது. கோட் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும், நாளைக்குள் ஜன்னல் தயாராக வேண்டும். விஷாகா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அம்மா, இங்க வா. ஏறு. ஆடாதே."

ஏறினேன். அந்தச் சந்தன நிறக் கோட்டை எனக்கு மாட்டிவிட்டாள். முடிச்சைக் கட்டினாள், அவிழ்த்தாள், கட்டினாள், காலரைத் தூக்கினாள். தெருவில் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. ஒரு ஜோடி நின்று பார்த்தது. ஸ்வெட்டர் நாயும் வந்தது, அதே நாய்தான். நாற்பத்தொன்பது வயதில், பத்துப் பேர் பார்க்க, கடை ஜன்னலில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு வருடத்துக்கு முன் நான் கேலி செய்த அந்தப் பொம்மை நான்தான். அவள் எனக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள்.

வெளியே ஓடிப்போய்ப் பார்த்தாள். தலையை ஆட்டினாள், சரியில்லை என்று. உள்ளே வந்து என் இரண்டு தோளையும் பிடித்து மெதுவாகத் திருப்பினாள். தெருவுக்கு முதுகு, முகம் கடைக்குள். மறுபடி வெளியே போகவில்லை. எனக்கு எதிரே நின்று பார்த்தாள்.

"பெட்டர்" என்றாள்.

தடுமாறாமல் இருக்கப் பின்னால் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டேன்.

சுண்டல் காலி. ஓதில் இரண்டு முறை வாங்கினார். கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். சட்டம் சட்டம்தான், எதையும் வாங்கவில்லை. மரப்பாச்சிகள் கைக்குட்டையில், என் மடியில். விஷாகா பெர்க்லிக்குத் திரும்பப் பாதி தூரம் இதே ரயிலில்தான் வந்தாள், பெர்க்லி வண்டிக்கு மாற என் தோளிலிருந்து தலையை எடுத்துக்கொண்டு வெஸ்ட் ஓக்லண்டில் இறங்கினாள்.

இப்போதுதான் சாந்தாமணி ஃபோன் செய்தாள். முதலில் கேட்டதே மதிப்பெண்தான். பத்துத்தானுங்களே என்றாள். நான் ஒன்பதரைதான் கொடுப்பேன் என்றேன். ஜன்னல் கண்ணாடியில், உட்பக்கம், ஐந்து விரலும் தெளிவாக என் கைத்தடம் இருந்தது. துடைக்கட்டுமா என்று கேட்டேன். விஷாகா வேண்டாம் என்றுவிட்டாள்.